மெட்டுக்கும் வசனம் எழுதுங்கள்

சீனத் தொடர்களைத் தமிழில் டப்பிங் செய்யும் குழுவினருக்கும், சப்டைட்டில் எழுதுகிறவர்களுக்கும், அந்த வேலையைக் கொடுக்கும் ஓடிடி நிறுவனங்களுக்கும் வணக்கம்.

இரண்டு ஆண்களுக்கு நடுவே உள்ள காதலை இசையை வைத்துச் சொல்லும் சீனத் தொடர்களைப் பற்றித்தான் இந்த மடல். பொதுவாகப் பேசினால் காற்றில் போய்விடும். அதனால் ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொள்கிறோம்: 2019 ஜூனில் டென்சென்ட் வீடியோவில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்த 50 எபிசோடு ‘தி அன்டேம்ட்’. சீனப் பெயர் ‘சென்சிங் லிங்’. மோ ஷியாங் தோங் ஷியு எழுதிய டான்மெய் நாவல்தான் மூலம்; ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள காதலைச் சொல்லும் சீனக் கதை வகைக்கு டான்மெய் என்று பெயர். வெய் வூஷியெனாக ஷியாவ் ஜான், லான் வாங்ஜியாக வாங் யீபோ, இசை லின் ஹாய். கதை முடிச்சுகள் கீழே தாராளமாக அவிழ்க்கப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

இந்தத் தொடரில் யாரும் யாரிடமும் ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று சொல்வதில்லை. சொல்ல விடமாட்டார்கள். 2016 பிப்ரவரியில், இரண்டு ஆண் மாணவர்களின் காதலைச் சொன்ன ‘அடிக்டெட்’ என்ற தொடர், 15 எபிசோடில் 12 மட்டும் வந்திருந்த நிலையில், சீனத் தளங்களிலிருந்து தூக்கப்பட்டது. 2017 ஜூனில் இணையக் காணொளிகளுக்கு வந்த விதிகள் ஓரினக் காதலை ‘இயல்புக்கு மாறான உறவு’ என்ற பட்டியலில் வைத்தன. 2021 செப்டம்பரில் வந்த அரசு அறிவிப்புக்குப் பிறகு டான்மெய் நாவல்களைத் தழுவிய தொடர்கள் அநேகமாக நின்றேபோயின. எடுத்து முடித்த பல தொடர்கள் இன்னும் பெட்டிக்குள் தூங்குகின்றன. ஆக, 2019இல் இந்தக் கதையை வெளியிட்டவர்களுக்கு மிஞ்சியவை மூன்றுதான்: பார்வை, ஒருவரை ஒருவர் கூப்பிடும் பெயர், ஒரு மெட்டு. நாவலில் வெளிப்படையாக இருக்கும் காதல் முழுவதும் இந்த மூன்றுக்குள் இடம் மாறியிருக்கிறது. பார்வைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மற்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன. அந்த இரண்டில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறீர்கள்.

முதலில் மெட்டு.

இரண்டாவது எபிசோடில் வெய் வூஷியென் அங்கேயே வெட்டிய ஒரு மூங்கிலைக் குழலாக்கி வாசிக்கிறான். சத்தம் காதைக் கிழிக்கிறது. வெறி பிடித்து நிற்கும் வென் நிங் என்பவனை அமைதிப்படுத்த, யோசிக்காமல் ஒரு பழைய மெட்டுக்கு மாறுகிறான். அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடிக்கிறது. பதினாறு வருடத்துக்கு முன் செத்துப்போய் இப்போது திரும்பி வந்திருக்கும் வெய் இவன்தான் என்று லான் வாங்ஜிக்குத் தெரிந்துவிட்டது. முகமூடி இருக்கிறது, ஆள் வேறு பெயரில் இருக்கிறான். காட்டிக்கொடுத்தது மெட்டுதான். மூன்றாவது எபிசோடிலிருந்து 33 வரை பழைய கதை ஓடுகிறது. அதற்குள் வரும் ஒரு குகைக் காட்சியில்தான் மெட்டு பிறந்த இடம் தெரியவருகிறது: காய்ச்சலில் கிடக்கும் வெய், ஏதாவது பாடேன் என்கிறான். லான் அந்த மெட்டை முனகுகிறான். இதற்குப் பேரென்ன என்று வெய் கேட்கிறான். லானின் உதடு அசைகிறது, குரல் கேட்பதில்லை.

இந்த மூன்று இடத்துக்கும் எங்கள் கண்ணில் படும் தமிழ் வரி எப்படி இருக்கிறது? ‘(இசை)’. சில இடங்களில் ‘(மெல்லிய இசை ஒலிக்கிறது)’. பல இடங்களில் அதுவும் இல்லை. காது கேளாதவர்களுக்கும், பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கும் கதையின் முதுகெலும்பே காணாமல் போகிறது. காது கேட்கிறவர்களுக்கும் பின்னணி இசை எது, பாத்திரம் வாசிப்பது எது என்ற வேறுபாடு தெரிவதில்லை. லின் ஹாய் இரண்டிலும் அதே மெட்டைத்தான் புழங்கவிட்டிருக்கிறார்.

இதைச் சரிசெய்ய மந்திரம் எதுவும் வேண்டாம். வசனம் எழுதத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு எபிசோடையும் இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் முறை படத்தை மறைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். மெட்டு எங்கெல்லாம் வருகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை படத்தோடு பார்த்து, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே என்ன வாத்தியம், யார் வாசிக்கிறார், கதைக்குள்ளா பின்னணியா, முதல் முறையா திரும்ப வருவதா என்று எழுதுங்கள். 45 நிமிட எபிசோடுக்கு ஒன்றரை மணி நேரம் கூடுதல் வேலை. ஐம்பது எபிசோடுக்கு 75 மணி நேரம். கொஞ்சம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் ஒருமுறை தயாராகிவிட்டால் டப்பிங், சப்டைட்டில் இரண்டு குழுவும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பட்டியல் கையில் இருந்தால் ஒலிக்குறிப்பு தானாக எழுதவரும். இரண்டாவது எபிசோடில் ‘(கரகரத்த மூங்கில் குழல்)’, அடுத்து ‘(குழல் வேறொரு மெட்டுக்கு மாறுகிறது)’. குகையில் ‘(அதே மெட்டை முனகுகிறான்)’. ‘அதே’ என்ற ஒரு சொல் போதும். அங்கே ‘காதல் கீதம்’, ‘சோக ராகம்’ என்று உங்கள் தீர்ப்பைச் சேர்க்க வேண்டாம். மெட்டின் பெயரையும் போட வேண்டாம். குரல் அடங்கும் அந்த இடத்தைப் பற்றி ரசிகர்களுக்குள் பெரிய வழக்கே உண்டு. நாவலில் மெட்டின் பெயர், வாங்ஜியின் முதல் எழுத்தையும் வூஷியெனின் கடைசி எழுத்தையும் சேர்த்த ‘வாங்ஷியென்’. உதட்டசைவும் அதுதான் என்பது பலர் கட்சி. தொடரின் தலைப்புப் பாடலுக்கு ‘வூஜி’ என்று பெயர். கட்டற்றது என்று பொருள். ஆனால் காதில் விழும்போது வூஷியெனின் ‘வூ’வும் வாங்ஜியின் ‘ஜி’யும் சேர்ந்தாற்போல ஒலிக்கும். பெயரைச் சொல்லாமல் சொல்ல அவர்கள் பட்ட பாடு இது. அப்படியிருக்க, ஒரு ரசிகர் மொழிபெயர்ப்பில் அந்த ஊமை நொடியில் ‘வாங்ஷியென்’ என்று பளிச்சென்று வரி போட்டிருந்தார்கள். ஆர்வம் புரிகிறது, செய்தது தப்பு. டப்பிங்கில் அதைவிட மோசமான ஆபத்து உண்டு: வாய் அசைகிறதே என்று குரல் இயக்குநர் எதையாவது பேசவைத்துவிடுவார். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். காலி இடத்தையும் பட்டியலில் எழுதிவையுங்கள்.

அடுத்து, வாத்தியங்களின் பெயர். இதில் நாம் கொஞ்சம் கறாராக இருக்கலாம்.

லான் வாங்ஜி வாசிப்பது கூச்சின். ஏழு தந்தி, சுமார் நாலடி நீளப் பலகை, ஓரத்தில் 13 சிப்பிப் புள்ளிகள். விரல் வைக்கும் மெட்டுக் கட்டைகளும் கிடையாது, தந்தியைத் தாங்கும் நகர்குதிரைகளும் கிடையாது. வலக்கை மீட்டும், இடக்கை தந்தியின் மேல் வழுக்கும். தந்தியை வெறுமனே மீட்டினால் ஒரு சத்தம், புள்ளிக்கு நேரே லேசாகத் தொட்டு மீட்டினால் மணிபோல இன்னொன்று, அழுத்தி இழுத்தால் நம் கமகம் போல மூன்றாவது. இதை ‘வீணை’ என்று எழுதுகிறார்கள். வீணைக்கு 24 மெட்டுக் கட்டைகள் உண்டு, மடியில் சாய்த்து வாசிப்பது. ‘யாழ்’ என்பது அதைவிடத் தள்ளிப்போகிறது. உறவு சொல்லியே ஆகவேண்டும் என்றால் மெட்டுக் கட்டை இல்லாத கோட்டுவாத்தியம்தான் ஏதோ பக்கத்து வீடு. ஆங்கில வரியில் ‘ஹார்ப்’ என்று இருந்ததை அப்படியே தமிழாக்கிய கூத்தும் உண்டு. ‘கூச்சின்’ என்றே எழுதுங்கள். முதல் முறை மட்டும் ‘கூச்சின் தந்தி வாத்தியம்’ என்று போட்டால் போதும். கிமோனோ, கிம்ச்சி எல்லாம் கற்றுக்கொண்ட நமக்கு இது பெரிய சுமை இல்லை. 2003இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வாத்தியம், 1977இல் வாயேஜர் விண்கலத்தில் வைத்த தங்கத் தட்டில் ஏழு நிமிடத்துக்கு மேல் ஒலிக்கும் வாத்தியம். அதற்கென்று ஒரு பெயர் இருக்கக்கூடாதா?

குழல் விஷயம் இன்னும் சிக்கல். வெய்யின் ‘சென்சிங்’, டீஸி வகைக் குறுக்குக் குழல். கறுப்பு உடல், சிவப்புக் குஞ்சம். தொடரின் சீனத் தலைப்பே இந்தக் குழலின் பெயரில்தான் இருக்கிறது. லானின் அண்ணன் லான் ஷீச்சென் வைத்திருக்கும் ‘லியேபிங்’, ஷியாவ் வகை: நிமிர்த்திப் பிடித்து மேல் முனையில் ஊதுவது. டீஸியில் ஊதும் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே கூடுதலாக ஒரு துளை இருக்கும். அதன்மேல் நாணலின் உள்தோலிலிருந்து உரித்த மெல்லிய சவ்வை ஒட்டுவார்கள். ஒட்டுவதற்குக் கழுதைத்தோல் பசை, கிடைக்காவிட்டால் பூண்டுச் சாறு. அந்தச் சவ்வு அதிர்வதால்தான் டீஸிக்கு அந்த ரீங்காரமும் கூர்மையும் வருகின்றன. ஷியாவில் சவ்வு இல்லை. சத்தம் மூடுபனி மாதிரி. ஒன்று பிணங்களை எழுப்பி நடத்துகிற குழல், மற்றது கலங்கிய மனத்தை அடக்குகிற குழல். இரண்டையும் ‘புல்லாங்குழல்’ என்று எழுதினால், யார் வாசிக்கிறார் என்று திரை காட்டாத இடங்களில் பார்ப்பவர் தலையைச் சொறிய வேண்டியதுதான். ‘குறுக்குக் குழல்’, ‘நெடுங்குழல்’ என்று பிரித்துவிடலாம். தமிழுக்கு அது இயல்பாகவே இருக்கிறது.

வாத்தியம் வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் இவ்வளவு மல்லுக்கட்டத் தேவையில்லை. இந்தக் கதையில் இசைதான் கொலைக் கருவி. நியே குலத் தலைவன் நியே மிங்ஜுவேயின் கோபம் தணிய, அவனோடு சகோதர சபதம் செய்துகொண்ட ஜின் குவாங்யாவ் ஒரு சாந்தி மெட்டை வாசித்துக்காட்டுவான். நடுவில் ஒரு சின்னப் பகுதியை மட்டும், திருட்டுத்தனமாகக் கற்ற வேறொரு மெட்டிலிருந்து எடுத்து ஒட்டியிருப்பான். அது கேட்கிறவர் மனத்தைக் குலைக்கும் மெட்டு. மருந்தில் விஷம் கலப்பது போல, நாளுக்கு நாள். பிறகு வெய் தன் காதில் விழுந்ததை வாசித்துக்காட்ட, நடுவில் ஒரு துண்டு ஒட்டவில்லையே என்று லான் ஷீச்சென் கண்டுபிடிக்கிறான். சாந்தி மெட்டை ஜின்னுக்குச் சொல்லிக்கொடுத்ததே ஷீச்சென்தான். இந்தக் காட்சிக்கு ‘(இசை)’ என்ற ஒலிக்குறிப்பு போடுவது, துப்பறியும் கதையில் தடயம் கிடக்கும் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதற்குச் சமம். ஜின் வாசிக்கும் முதல் காட்சியில் ‘(சாந்தி மெட்டு)’, துண்டு வரும் நொடியில் ‘(மெட்டு ஒரு கணம் பிசகுகிறது)’ என்று வந்தால், கவனிக்கிறவர் கவனித்துக்கொள்வார்.

டப்பிங் ஸ்டூடியோக்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. பேச்சு நீக்கிய இசை, ஓசைத் தடம், அதாவது நீங்கள் எம் அண்ட் ஈ என்று சொல்வது, கைக்கு வராமல் வேலையை எடுக்காதீர்கள். அது இல்லாமல் முழுக் கலவையின் மேல் தமிழ்க் குரலை ஏற்றும்போது, சீனக் குரலை மறைக்க மொத்தத்தையும் அமுக்குகிறீர்கள். 6 டெசிபெல் குறைத்தாலே அலையின் உயரம் பாதியாகிவிடும். கூச்சின் ஏற்கெனவே மெல்லிய வாத்தியம், முதலில் சாகிறது அதுதான். சில இடங்களில் அமுங்கிய இசைக்குப் பதிலாக, கையிருப்பிலுள்ள ஏதோ ஒரு சோகப் புல்லாங்குழலை நுழைத்துவிடுகிறார்கள். லான் மெட்டை அடையாளம் கண்டுகொள்ளும் காட்சியில் அந்த மெட்டே இல்லாவிட்டால் அவன் எதைக் கேட்டுக் கையைப் பிடித்தான்? தடம் வந்த பிறகும், பேச்சு வரும்போது இசையைத் தானாகத் தாழ்த்தும் அமைப்பைப் பட்டியலில் உள்ள இடங்களில் அணைத்துவையுங்கள்.

இனி, கூப்பிடும் பெயர்கள்.

இந்தக் கதையில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது இரண்டு பெயர். பிறந்தபோது வைத்தது ஒன்று, பருவம் வந்தபின் ஊரார் மரியாதையாக அழைக்க வைத்தது இன்னொன்று. லான் ஜான் என்பது முதல் வகை, லான் வாங்ஜி இரண்டாம் வகை. ஹான்குவாங் ஜுன் என்பது அதற்குமேல் ஒரு பட்டம். வெய் யிங்கும் வெய் வூஷியெனும் அதே மாதிரி. பிறவிப் பெயரைப் பெரியவர்கள் சொல்லலாம், மிக நெருங்கியவர்கள் சொல்லலாம். மற்றவர்கள் சொன்னால் திமிர். பேர் சொல்லிக் கூப்பிடுவது என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டாம். கணவன் பெயரை வாயால் சொல்லாத பாட்டிகள் நமக்கு இருந்தார்கள். லான், ‘வெய் யிங்’ என்று முதலில் சொல்வது கோபத்தில். போகப்போக அதே இரண்டு அசை கெஞ்சலாகிறது, அழைப்பாகிறது. வெய்யோ பழகிய கொஞ்ச நாளிலேயே ‘லான் ஜான், லான் ஜான்’ என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுகிறான். பார்வையாளருக்குக் குழப்பம் வேண்டாமே என்று எல்லா இடத்திலும் ‘வெய் வூஷியென்’ என்றே எழுதித் தள்ளியிருக்கிறார்கள் சிலர். நல்ல எண்ணம்தான். தொடரின் பாதிக் காதல் அங்கேயே போய்விட்டது.

குழப்பத்துக்கு மருந்து வேறு. முதல் இரண்டு எபிசோடில், திரையில் சீன எழுத்தில் பெயர்ப்பலகை வரும்போது இரண்டு பெயரையும் சேர்த்துப் போடுங்கள். பிறகு வசனத்தில் என்ன ஒலிக்கிறதோ அதையே எழுதுங்கள். காதில் ‘வெய் யிங்’ விழும்போது கண்ணில் வேறொன்று படுவதுதான் பெரிய குழப்பம்.

பெயர்களை எழுத்துக்கூட்டும்போது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதாதீர்கள். சீனத்தின் ரோமன் எழுத்து முறை ஆங்கில உச்சரிப்புக்காக வந்ததில்லை. அதில் க்யூ என்று இருந்தால் ‘ச்ச’, எக்ஸ் என்றால் ‘ஷ’. ‘கூச்சின்’ தமிழில் ‘குக்வின்’ ஆனது அப்படித்தான். நமக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் உண்டு: இஸட்டும் ஹெச்சும் சேர்ந்து வந்தால் தமிழன் கண்ணுக்கு அது ‘ழ’. குரல் கலைஞர் ஒருவர் ‘லான் ழான்’ என்று உருக்கமாகக் கூப்பிட்டால் சிரிப்பதா அழுவதா? முடிந்தால் சீனம் தெரிந்த ஒருவரை ஒரே ஒரு நாள் உட்காரவைத்துப் பெயர்கள் அனைத்தையும் வாயால் சொல்லச்சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஐம்பது எபிசோடுக்கும் அதுவே போதும்.

உறவுமுறைச் சொல்தான் உண்மையான தலைவலி. வெய் கேலியாக, ‘லான் அர் கெகெ’ என்பான். அர் என்றால் இரண்டு, கெகெ என்றால் அண்ணன். லான் வீட்டில் இவன் இரண்டாம் பிள்ளை, ஆகவே ‘சின்னண்ணா’ என்பது அச்சாகப் பொருந்தும். பொருந்தினாலும் உதவாது. தமிழில் ‘அண்ணா’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதன்பிறகு காதல் கதை நகராது. சீனத்தில் கெகெ என்பதில் ஒரு குழைவு உண்டு, ‘அத்தான்’ பக்கம் சாய்கிற குழைவு. ‘அத்தான்’ என்றே போட்டால் பழைய கறுப்பு வெள்ளைப் படமாகிவிடும். எங்கள் யோசனை: கேலிக்குச் சொல்லும் இடங்களில் ‘கெகெ’ என்றே விடுங்கள். நிஜமான உடன்பிறப்புகளுக்குத் தமிழ் முறை வையுங்கள். லான் தன் அண்ணனைக் கூப்பிடும்போது ‘அண்ணா’, கூடவே ‘நீங்கள்’. ஜியாங் யென்லியைத் தம்பி ஜியாங் செங் ‘அக்கா’ என்பான். அதே பெண்ணை அந்த வீட்டில் வளர்ந்த வெய் ‘ஷிஜியே’ என்பான், ஒரே குருவிடம் படித்த மூத்தவள் என்று பொருள். இரண்டுக்கும் ‘அக்கா’ போட்டால் படிக்கச் சுகம். அந்த வீட்டில் வெய் எவ்வளவு நெருங்கினாலும் அரை அடி வெளியே நிற்கிறான் என்பது மறைந்துவிடும். இதில் எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ‘ஷிஜியே’ வேண்டும் என்பவர்கள் கை சற்று ஓங்கியிருக்கிறது.

நீ, நீங்கள் விவகாரம் ஆங்கிலம் வழியாக வருவதால் முளைப்பது. ஆங்கில வரியில் எல்லாருக்கும் ஒரே சொல். அதைப் பார்த்துத் தமிழாக்குகிறவர் ஊகிக்கிறார். ஒரு எபிசோடில் ‘நீங்கள்’, அடுத்ததில் ஆள் மாறியதால் ‘நீ’. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று ஒரு கட்டம் போட்ட தாளில் எழுதி எல்லாரிடமும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஐந்து பெரிய குலங்கள், ஏறத்தாழ இருபது முக்கிய ஆட்கள். தாளில் ஒரே பக்கம்.

தமிழுக்கு அதிர்ஷ்டமாக அமைந்த இடங்களும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடாதீர்கள். லான் வாங்ஜி பாதி நேரம் பேசுவது ஒரே ஓசை: ‘ம்’. ஆங்கிலத்தில் அதை ஆமாம், சரி என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். நமக்கு ‘ம்’ அப்படியே இருக்கிறது, சம்மதம் முதல் சலிப்பு வரை எல்லாவற்றுக்கும். அவன் அடிக்கடி உதிர்க்கும் ‘வூலியாவ்’ என்பதற்கு ‘போரடிக்கிறது’ என்று எழுதுகிறார்கள், ‘வெட்டிப்பேச்சு’ என்றால் எவ்வளவு கச்சிதம். வெய்யின் வாளுக்கு ‘ஸுவேபியென்’ என்று பெயர். என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டபோது எதுவானாலும் சரி என்று சொன்னான், அதுவே பெயராகப் பொறிக்கப்பட்டது. ‘உன் வாளுக்குப் பேரென்ன?’ ‘ஏதாச்சும்.’ ‘ஏதாச்சும்னா?’ தமிழில் நகைச்சுவை சேதாரமில்லாமல் வந்து உட்காருகிறது.

‘ஜீஜி’ என்ற சொல்லுக்குத்தான் இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் உன்னை வாழ்நாள் ஜீஜியாக நினைத்தேன் என்று வெய் சொல்ல, இப்போதும் நான் அதுதான் என்று லான் பதில் சொல்கிற இடம் தொடரின் நெஞ்சுப்பகுதி. ‘நண்பன்’ என்றால் சிறுத்துப்போகிறது. ‘காதலன்’ என்றால் தணிக்கைக்குப் பயந்து அவர்கள் எழுதாததை நீங்கள் எழுதுகிறீர்கள். சொல்லின் வேர் ‘என்னை அறிந்தவன்’. இதற்கு உடன்பிறப்பான ‘ஜீயின்’ என்ற சொல் நேரே கூச்சினிலிருந்து வந்தது: போயா என்பவர் கூச்சின் வாசிப்பார், மலையை நினைத்து வாசித்தால் மலை என்பார் நண்பர் ஜோங் ஸிச்சி, ஆற்றை நினைத்து வாசித்தால் ஆறு என்பார். ஸிச்சி இறந்ததும் போயா கூச்சினை உடைத்துவிட்டு அதன்பிறகு வாசிக்கவே இல்லை. பார்க்காமலே நட்புக் கொண்டு, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையார் வந்து சேர்ந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த உணர்ச்சி புதிதல்ல. ‘என் மனமறிந்தவன்’ என்று எழுதிப் பார்த்தோம். நீளம் கொஞ்சம் கூடுதல், ஆனாலும் நட்பு என்று பார்ப்பவருக்கும் காதல் என்று பார்ப்பவருக்கும் ஒரே சொல் இடம் கொடுக்கிறது. மூலம் கொடுத்த இடமும் அவ்வளவுதான்.

பார்வையாளர்கள் இந்த விஷயத்தில் மூன்று கட்சி. வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும், கோழைத்தனம் என்று ஒரு கட்சி. அடக்கிச் சொன்னதால்தான் இவ்வளவு கனம் என்று ஒன்று. இது நட்புதான், நீங்களாக எதையோ பார்க்கிறீர்கள் என்று ஒன்று. மூன்றாவது கட்சியின் கண்ணில் அந்த நெற்றிப்பட்டை எப்படிப் படாமல் போனது என்பது வியப்பு: லான் குலத்தார் நெற்றியில் கட்டும் பட்டையைப் பெற்றோர், மனைவி, மக்கள் தவிர யாரும் தொடக்கூடாது. குளிர்ந்த குகையில் வெளியாளைத் தாக்கும் கூச்சினிடமிருந்து காப்பாற்ற, அதை அவிழ்த்து வெய்யின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டுவான் லான். வரைகலை மட்டம், முப்பது எபிசோடு பழங்கதை நீளம் என்ற புகார்களில் மூன்று கட்சியும் ஒன்றுதான், நாங்களும்தான். உங்கள் வேலை எந்தக் கட்சிக்கும் சாய்வதல்ல. ஒரு டப்பிங்கில் ‘சகோதரா’ என்று வசனத்துக்கு வசனம் சேர்த்து உறவைக் கழுவிவிட்டார்கள். ரசிகர் வரிகளிலோ எதிர்த்திசையில், இல்லாத ‘கண்ணே’ முளைக்கிறது. இரண்டும் ஒரே தப்பு. மூலத்திலேயே நடிகர்கள் குரலுக்குப் பதில் குரல் கலைஞர்கள்தான் பேசுகிறார்கள். வெய்க்கு லூ ஜிஷிங், லானுக்கு பியென் ஜியாங். படப்பிடிப்புக்குப் பிறகு வசனம் மாறுவது சீனத்தில் சகஜம். ‘வேர்ட் ஆஃப் ஹானர்’ என்ற இன்னொரு டான்மெய் தழுவலில் வாய் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும் இடங்களை ரசிகர்கள் தோண்டியெடுத்தது தெரிந்த கதை. எது மாறினாலும் கேட்கும் குரலைத்தான் நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும்.

கடைசியாக, தொழில்நுட்பம். சப்டைட்டில் மென்பொருள்கள் வரிக்கு 42 எழுத்து என்று வரம்பு வைக்கின்றன. அவை எண்ணுவது நம் எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை. ‘புல்லாங்குழல்’ நமக்கு 7 எழுத்து, மென்பொருளுக்கு 13. ஆகவே 42 என்றால் ஏறத்தாழ 23 தமிழ் எழுத்து. இது தெரியாமல் வசனத்தை வெட்டு வெட்டு என்று வெட்டி, வினைச்சொல்லே இல்லாமல் முடிக்கிறார்கள். நிறுவனத்திடம் பேசி வரம்பைத் தளர்த்துங்கள், அல்லது இரண்டு வரியாக உடையுங்கள். உடைக்கும்போது ‘என் / மனமறிந்தவன்’ என்று சொற்றொடர் நடுவில் வெட்டாதீர்கள். படத்தின் அடியில் சீன வரி ஏற்கெனவே பதிந்திருக்கும். தமிழ் வரியை அதன்மேல் ஏற்றினால் இரண்டும் படிக்க முடியாது, ஒரு வரி உயரம் மேலே தூக்கிவையுங்கள். சில பிளேயர்களில் ‘கொ’ உடைந்து ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று தனித்தனியாக வரும். எழுத்துருவைக் குறை சொல்லிப் பயனில்லை, எழுத்துகளைக் கோக்கும் பகுதி அந்தப் பிளேயரில் இல்லை என்பதுதான் காரணம். வெளியிடுமுன் டிவி, போன், கணினி மூன்றிலும் போட்டுப் பாருங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். சீனத் தொலைக்காட்சி வழக்கம் நொடிக்கு 25 பிரேம். அந்தக் கணக்கில் எழுதிய கோப்பை 23.976 என்று மாற்றி வைத்தால் 45 நிமிட எபிசோடின் முடிவில் வரிகள் ஏறக்குறைய இரண்டு நிமிடம் விலகிப்போகும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போகத் தள்ளினால் காரணம் இதுதான். முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்ய முடியாது, விகிதத்தை மாற்ற வேண்டும்.

சில பிரேம் பிசகுவதால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றினால் 50ஆவது எபிசோடின் முடிவைப் பாருங்கள். இருவரும் பிரிந்தாயிற்று. மலைமேல் வெய் தனியாக நின்று அந்த மெட்டை வாசிக்கிறான். திரையில் அவன் மட்டும். பின்னாலிருந்து ஒரு குரல், ‘வெய் யிங்’. அவன் திரும்பிச் சிரிக்கிறான், தொடர் முடிகிறது. இங்கே வரி 10 பிரேம் முன்னால் வந்தால், குரல் கேட்பதற்கு 0.4 நொடி முன்பே யார் வந்தது என்று எழுத்து சொல்லிவிடும். ‘லான் வாங்ஜி:’ என்று பேசுபவர் பெயரை முன்னால் போட்டாலும் அதே கதிதான். ஒலி தொடங்கும் பிரேமில், பேசுபவர் பெயர் இல்லாமல், இரண்டு சொல். அவன் முகம் திரும்பும் முன் வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சீனத் தொடர்களைத் தமிழ் வரிகளோடு பார்க்கிறவர்கள்